நான் சொல்லாமல் விட்ட மாத்திரை

பசியைக் குறைக்கும் மருந்தை உட்கொள்ளத் தொடங்கிய பத்தாவது வாரத்தில், நள்ளிரவு ஒன்றரை மணிக்கு, அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் படுத்திருந்த என்னிடம் "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று மருத்துவர் கேட்டபோது, "ஒன்றும் இல்லை" என்று பொய் சொன்னேன். நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது, கை நடுங்கியது, உயிருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் தொண்டை வரை நிறைந்திருந்தது. அந்த நிலையிலும் உடம்பைக் குறைக்க மருந்து எடுக்கிறேன் என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மருந்துகளால் எனக்கு நேர்ந்த பெரும்பாலான இன்னல்களுக்கு மருந்து மட்டுமே காரணம் அன்று. மருந்து எழுதிக் கொடுத்தவர் கேட்காமல் விட்டவையும் நான் சொல்லாமல் விட்டவையும் சேர்ந்துதான் என்னை அந்தக் கட்டிலில் கொண்டு போய்ச் சேர்த்தன. முன்பே யாராவது எச்சரித்திருக்கக்கூடாதா என்று நான் ஏங்கியதைப் போல் இன்னொருவர் ஏங்க வேண்டாம் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது 41. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 94 கிலோ, அதாவது உடல் நிறை குறியீட்டெண் 37-க்கும் மேல். 30-ஐத் தாண்டினாலே அது உடல் பருமன் என்னும் நோய் என்று மருத்துவம் வகுத்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை பட்டினிக்கு ஒப்பான உணவுக்கட்டுப்பாட்டை மேற்கொண்டு எட்டு, பத்து கிலோ வரை குறைத்திருக்கிறேன். நான்கு முறையும் குறைந்த எடை, வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. எடை குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்பதும், போதும் என்ற உணர்வைத் தரும் லெப்டின் குறைகிறது என்பதும், இழந்த எடையை மீட்க உடலே போராடுகிறது என்பதும் அன்று எனக்குத் தெரியாது. எனக்கு வைராக்கியம் இல்லை என்றே நம்பினேன். அந்த நம்பிக்கையால்தான் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல், எடைக் குறைப்புக்கென்றே நடத்தப்பட்ட ஒரு சிகிச்சை மையத்திற்குத் தனியாகப் போனேன்.

மூன்று மாதச் சிகிச்சைக்கான முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார்கள். என் ஒன்றரை மாதச் சம்பளம் அது. கட்டினேன். என் எடையைப் பார்த்தார்கள், இடுப்பை அளந்தார்கள். அங்கிருந்த மருத்துவர் ஐந்து நிமிடங்களுக்கு மேல் என்னுடன் பேசவில்லை. என் நாடியை அவர் பார்க்கவில்லை, இரத்த அழுத்தமும் எடுக்கவில்லை, தைராய்டைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவர், "பிரஷர் எல்லைக்கோட்டில் இருக்கிறது, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார். அது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. சொன்னால் மருந்து கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இந்த மருந்துகளை நாடும் எவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதைச் சொன்னால் மருந்து கிடைக்காது என்று நினைக்கிறீர்களோ, அதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அவர்கள் கொடுத்தது பென்டெர்மின் என்ற மாத்திரை. முதல் வாரத்தின் மூன்றாம் நாள் இரவை நான் மறக்க மாட்டேன். பாதி சாப்பிட்ட தட்டு முன்னால் இருந்தது. அது வேறு யாருடைய தட்டோ என்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாக அடுத்த கவளத்துக்குப் போகவில்லை. அடுத்த வேளை என்ன சாப்பிடலாம் என்று நாள் முழுவதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, யாரோ கதவைச் சாத்தியதைப் போல நின்றுவிட்டது. எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். பசியின்றி வாழ்பவர்கள் இப்படித்தான் இருப்பார்களா, எனக்குத்தான் இத்தனை காலமும் இந்தச் சுமையா என்று தோன்றியது. ஐந்து வாரங்களில் நாலரைக் கிலோ குறைந்தது. வாய் எப்போதும் உலர்ந்திருந்தது, விடியற்காலை மூன்று மணிக்கு முழு விழிப்பு வந்தது, அலுவலகத்தில் அற்பக் காரணங்களுக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இவையெல்லாம் அடையாளம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

உண்மையில் அவை உடல் கொடுத்த எச்சரிக்கைகள். பென்டெர்மின் புதிய மருந்து அன்று. அமெரிக்காவில் அது 1959-இல் ஒப்புதல் பெற்றது. வேதியியல் அமைப்பில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்துக்கு உறவான அது, நரம்புகளில் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் கூட்டுகிறது. ஆபத்தைக் கண்டு உடல் விழிப்படையும்போது பசி அடங்குமே, ஏறத்தாழ அதே நிலையை இந்த மாத்திரை உண்டாக்குகிறது. எனவே பசி குறைவதோடு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறலாம், தூக்கம் கெடலாம். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய் ஆகியவை உள்ளவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டுபவர்களும், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களும், எம்.ஏ.ஓ. தடுப்பான் எனப்படும் மனச்சோர்வு மருந்தைக் கடந்த 14 நாட்களுக்குள் எடுத்தவர்களும் இதை எடுக்கக்கூடாது. காலையில் மட்டுமே எடுக்க வேண்டும். சில வாரங்கள் மட்டும் பயன்படுத்துவதற்கான மருந்து என்றே இதற்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. இவற்றில் பெரும்பாலானவை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளிலேயே அச்சாகியிருந்தன. பத்து வாரங்களில் ஒருமுறைகூட நான் அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆறாவது வாரம் பசி திரும்ப ஆரம்பித்தது. இந்த வகை மருந்துக்கு உடல் பழகிவிடுவது உண்டு. அப்போது மருத்துவரிடம் போய், தொடர்வதா நிறுத்துவதா என்று கேட்டிருக்க வேண்டும். மையத்தில் வாரந்தோறும் எடையைக் குறித்துக்கொண்டு அனுப்பினார்களே தவிர, மருத்துவர் கண்ணிலேயே படவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மாலை நான்கு மணிக்கு இன்னொரு மாத்திரையை நானாகவே சேர்த்துக்கொண்டேன். தூக்கமின்மையால் பகலில் வந்த களைப்பைப் போக்க நான்கைந்து கோப்பை காப்பி குடித்தேன். பத்தாவது வாரம் கடுமையான சளி பிடித்தது. மருந்துக் கடையில் மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள். அதிலிருந்த சூடோஎஃபெட்ரினும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. இரண்டு பென்டெர்மின், ஒரு சளி மாத்திரை, ஐந்து காப்பி: ஒரே திசையில் தள்ளும் மூன்றையும் ஒரே நாளில் உடம்புக்குள் அனுப்பியிருந்தேன்.

அன்றிரவு பன்னிரண்டரை மணிக்கு, காதுக்குள் யாரோ தட்டுவது போன்ற சத்தத்தில் விழித்தேன். அது என் இதயம். வீட்டில் இருந்த இரத்த அழுத்தக் கருவியைக் கையில் சுற்றினேன்: 178-க்கு 112, துடிப்பு 128. கருவி பழுதாக இருக்கும் என்று நினைத்து மறுபடி பார்த்தேன். இன்னும் கூடியிருந்தது. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். என் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துத் தரச் சொன்னபோது, பாதி காலியான வெள்ளித்தாள் மாத்திரை அட்டையும் கூடவே வந்து விழுந்தது. இளவயதுச் செவிலியர் ஒருவர் அதைக் குனிந்து எடுத்தார், பெயரைப் படித்தார். என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அக்கா, திட்டுவதற்காகக் கேட்கவில்லை. இது தெரியாமல் வேறு ஊசி போட்டுவிட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்றார். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இதயத்துக்குச் சேதம் இல்லை. இரண்டு இரவுகள் கண்காணிப்பில் இருந்தேன், ஒன்பது நாட்கள் வேலைக்குப் போகவில்லை. மையத்தில் கட்டிய பணத்தில் ஒரு காசுகூடத் திரும்ப வரவில்லை. நான் கையெழுத்திட்ட தாளில், பாதியில் நிறுத்தினால் பணம் தரப்படாது என்ற வரி இருந்ததாம். மருத்துவமனைச் செலவையும் சேர்த்தால் இரண்டரை மாதச் சம்பளம் போயிற்று. குறைந்திருந்த ஆறு கிலோ, அடுத்த பத்து வாரங்களில் திரும்பிவிட்டது. பண இழப்பைவிட என்னை வருத்தியது வேறொன்று. பசி அடங்கிய வாழ்க்கையை ஒருமுறை சுவைத்துவிட்டு, மறுபடி பழைய இரைச்சலுக்குள் வந்து விழுந்தேன். அந்த மூன்று மாதங்கள் கண்ணாடியைப் பார்ப்பதையே தவிர்த்தேன்.

பிறகு மருத்துவமனையின் பரிந்துரைப்படி ஹார்மோன் நோய்களுக்கான சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போனேன். முதல் சந்திப்பே நாற்பது நிமிடம் நடந்தது. மருந்தின் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அன்றாடம் எடுக்கும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும், சளிக்கும் தலைவலிக்கும் எடுப்பவை உட்பட, எழுதிக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, கருத்தரிக்கும் எண்ணம் இருக்கிறதா, அளவுக்கு மீறி உண்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்ததா, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது. பசி, மனநிலை, தூக்கம், இதயம் எல்லாம் ஒரே நரம்புப் பாதைகளைப் பகிர்ந்துகொள்கின்றன என்று அவர் விளக்கினார். பசியடக்கும் மருந்துகளின் வரலாறே அதற்குச் சான்று. பென்டெர்மினோடு சேர்த்துப் பெருமளவில் கொடுக்கப்பட்ட ஃபென்ஃப்ளூரமின், இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. ஐரோப்பாவில் ரிமோனபன்ட் என்ற மருந்து, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுவதாகக் கண்டு 2008-இல் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமின், மாரடைப்பு மற்றும் பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதால் 2010-இல் விலக்கப்பட்டது. அந்தச் சிபுட்ரமின் இன்றும் முழுமையாக ஒழியவில்லை. "முற்றிலும் மூலிகை" என்ற பெயரில் விற்கப்படும் மெலிவு மாத்திரைகள் பலவற்றில் அது ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கண்காணிப்பு அமைப்புகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கின்றன. மருத்துவர் சீட்டு தேவையில்லை என்பதாலேயே ஒரு மாத்திரை பாதுகாப்பானது என்று நினைப்பவர்களைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் மூன்று மாதம் என் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டு வந்தார். அதன் பிறகே செமாக்ளூடைட் ஊசியைத் தொடங்கினார். உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்து அது. மூளையில் பசியைக் குறைக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. உடல் பருமனுக்கென்று அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதல் பெற்றது. வாரம் ஒருமுறை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று கூட்டி 2.4 மில்லிகிராம் வரை போவது வழக்கமான முறை. தொடக்க அளவு எடையைக் குறைப்பதற்கானது அன்று, வயிற்றைப் பழக்குவதற்கானது. இது தெரியாமல் முதல் மாதத்திலேயே எடை குறையவில்லை என்று தாமாக அளவைக் கூட்டிக்கொண்டு, வாந்தியால் நீரிழந்து மருத்துவமனையில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு 1 மில்லிகிராமுக்கு வந்தபோது குமட்டல் கடுமையாயிற்று. இந்த முறை மறைக்கவில்லை, மறுநாளே தொலைபேசியில் சொன்னேன். "மேலே ஏற வேண்டாம், இதே அளவில் இன்னும் ஒரு மாதம் இருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை அம்மா" என்றார். இருந்தேன், குமட்டல் தணிந்தது.

பசியே இல்லாத உடம்புக்கு வேளாவேளைக்கு உணவு கொடுப்பது ஒரு வேலை என்பதை இந்தக் காலத்தில்தான் கற்றேன். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. மருந்து பசியோடு தாகத்தையும் மங்கச் செய்துவிட்டது. ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் போதவில்லை என்பது ஒரு காரணம். எடை குறைந்ததால் இரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்கியிருக்க, பழைய அளவிலேயே பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்தது இன்னொரு காரணம். மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ வாய்ப்பு உண்டு என்பதால், தொடங்கும்போதே அவற்றின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். குறையும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரைகிறது. அதனால் ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போகும் பழக்கத்தையும், வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியையும் விடாமல் கடைப்பிடிக்கிறேன். ஆறாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது மிகவும் கலங்கினேன். வேகமாக எடை குறையும் எவருக்கும் இது வரலாம், பெரும்பாலும் தானாக நின்றுவிடும் என்று தெரிந்திருந்தால் அத்தனை கலக்கம் தேவைப்பட்டிருக்காது.

எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதையும் அவர் பிரித்துச் சொல்லியிருந்தார். மிதமான குமட்டல், மலச்சிக்கல், ஏப்பம் ஆகியவற்றுக்குச் சிறிது சிறிதாகச் சாப்பிட்டுக் காத்திருக்கலாம். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். விலா எலும்பின் கீழ் வலப்பக்க வலியும் காய்ச்சலும் மஞ்சள் நிறமும் பித்தப்பைக் கல்லைக் காட்டலாம். தண்ணீரைக்கூடத் தங்கவிடாத வாந்தி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்தினருக்கோ வந்திருந்தால் இந்த ஊசியே கூடாது. கருத்தரிக்க விரும்புபவர்கள் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் செமாக்ளூடைட்டை நிறுத்திவிட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாதச் செலவை மட்டும் பார்த்துத் தொடங்காதீர்கள். செமாக்ளூடைட்டுக்கான பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 சதவீத எடை குறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதுதான் இது. ஒரு முழு ஆண்டுக்காவது தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நான் தொடங்கினேன். இடையில் ஒருமுறை கடையில் இருப்பு இல்லாமல் போனபோது, இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தோழி ஒருவர் சொன்னார். போலி செமாக்ளூடைட் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. இந்த ஊசி மருந்து வரும் பேனா வடிவக் கருவிக்குள் இன்சுலினை அடைத்து விற்றால், வாங்கிப் போட்டுக்கொள்பவரின் சர்க்கரை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குத் தாழ்ந்துவிடும். வாங்கவில்லை. மூன்று வாரம் ஊசி இல்லாமல் இருந்துவிட்டு, மருத்துவரைக் கேட்டு, மறுபடி குறைந்த அளவிலிருந்து தொடங்கினேன். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒருவர் பேனாவை இன்னொருவர் பயன்படுத்துவதும் கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனா வழியாக இரத்தத்தால் பரவும் நோய் தொற்றலாம்.

ஊசி தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. எடை 78 கிலோவில் நிற்கிறது, கடந்த நான்கு மாதங்களாக அதற்குக் கீழே இறங்கவில்லை. மருத்துவர் அதில் நிறைவாக இருக்கிறார், நானும் மெல்ல நிறைவுறக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் கருப்பையில் இருந்த சிறு கட்டியை அகற்ற மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. இரைப்பை தாமதமாகக் காலியாவதால், பட்டினியாக இருந்தாலும் மயக்கத்தின்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் அபாயம் இந்த ஊசி எடுப்பவர்களுக்கு உண்டு. அனுமதிப் படிவத்தில் "தற்போது எடுக்கும் மருந்துகள்" என்ற கட்டம் நான்காவது பக்கத்தில் இருந்தது. மற்ற பக்கங்களை அப்படியே வைத்துவிட்டு முதலில் அங்கே போய், ஊசியின் பெயர், அளவு, கடைசியாகப் போட்டுக்கொண்ட தேதி மூன்றையும் எழுதினேன். வரவேற்பறையில் இருந்தவரிடம் மயக்க மருத்துவரை இப்போதே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் வந்து படித்துப் பார்த்துவிட்டு, அறுவையை ஒரு வாரம் தள்ளி வைத்தார்.